ஜக்கரியாவின் கார்டு

மஸ்கட்
9.3.2009

அன்புள்ள ராணிக்கு,

மாதா புண்ணியத்தில் பிள்ளைகள் சுகந்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

நான் தாடி வளர்க்கிறேன், சிரிக்காதே. பித்தப்பையில் கல்லாம். இலவசமாக வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி கார்டை என் கம்பெனி தரவில்லை. வெளியே கேட்கிற தொகை நம்மால் ஆகாது. அறையில் கூட இருக்கும் பரங்கிப்பேட்டை ஜக்கரியா தன் கார்டைக் கொடுத்திருக்கிறான். அதிலுள்ள போட்டோவில் அவனுக்குத் தாடி.

"நர்ஸு ஜக்கரியானு கூப்ட்டா ஒடனே எந்திரிச்சிடு மச்சான்" என்று தினமும் பழக்குகிறான். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் ஜெயில்தான். வலி பொறுக்க முடியவில்லை ராணி, வேறு வழி தெரியவில்லை.

ஆபரேஷன் தாளில், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது என்று கேட்டிருந்தது. அவன் மனைவி பெயரை எழுதிக் கொடுத்தேன்.

போனில் பேசியபோது அம்மா உன் பக்கத்தில் இருந்ததால் இதைச் சொல்லவில்லை. ஊருக்கு வருகிறவர் வாசலில் நிற்கிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது அவரிடம் இரண்டு கைலி கொடுத்துவிடு.

17-ம் தேதி செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அன்று அந்தோணியார் பூசைக்கு எழுதிக் கொடு. 'எங்க வீட்டுக்காரருக்கு' என்று மட்டும் எழுதாதே. என் பெயரைப் போட்டு, சாமியாரைச் சத்தமாக வாசிக்கச் சொல். இங்கே அன்றைக்கு யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

லூர்துசாமி