பதின்மூன்றாம் தேதிக்கு முன்னால்

ஞாயிறு, அக்டோபர் 5. பலென்சியா

மீன் கடையை ஒரு வாரத்துக்கு நாத்தனார் பார்த்துக்கொள்வாள். பை கட்டியாகிவிட்டது. திட்டமெல்லாம் மகள் லெய்ரே போட்டதுதான். செகோவியா, தொலேதோ, கொர்தோபா, செவில்லா, கடைசியில் காதிஸ் கடற்கரை. ஒரு நோட்டு முழுக்க ரயில் நேரமும் தெருப்படமும். ஒன்றரை வருஷமாக எதன் மேலும் ஆசை காட்டாத பெண்.

போன வாரம் டாக்டர் ஓதேரோ கூப்பிட்டு, வய்யாதொலித் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாகிவிட்டது, திங்களன்றே கூட்டி வாருங்கள் என்றார். லெய்ரே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு வாரம், அம்மா. நாம ரெண்டு பேரும் ஊர் சுத்திப் பார்க்கலாம். வந்ததும் நானே போய்ச் சேர்ந்துக்கறேன்." நான் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு வாய் சாப்பிடாதவள், தானாக ஒன்று கேட்கிறாள். எப்படி மாட்டேன் என்பது?

டாக்டருக்குத் துளியும் பிடிக்கவில்லை. படுக்கையை அடுத்த ஞாயிறு வரை வைத்திருப்பாராம். மயக்கம் வந்தால் அந்த நிமிஷமே திரும்பிவிட வேண்டுமாம்.

திங்கள், 6. செகோவியா

ஸ்டேஷன் ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் இருக்கிறது. எல்லோரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"பஸ்ஸா? நடந்து பார்க்கத்தானே வந்தோம்!" என்றாள் லெய்ரே.

இருபது வருஷம் ஈரத் தரையில் நின்று மீன் வெட்டிய முட்டி என்னுடையது. நான் பஸ்ஸில் போனேன், அவள் நடந்தாள். ரோமர் காலத்து நீர்ப்பாலத்தடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். கன்னம் சிவக்க, கண் மின்ன வந்தாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அப்புறம் தேவாலயக் கோபுரமும் ஏறினாள்.

மத்தியானம் ஒரு தக்காளியைப் பொடிப்பொடியாக நறுக்கித் தட்டைச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்குப் பிடிக்கலையா?" என்றார் பரிமாறியவர். "பிடிச்சிருக்கு, மெதுவாத்தான் சாப்பிடுவா" என்றேன். அவளுக்காகப் பொய் சொல்ல நன்றாகப் பழகிவிட்டேன்.

செவ்வாய், 7

தொலேதோ. மேட்டுக்கு ஏற நகரும் படிக்கட்டு இருக்கிறது. நான் அதில் நின்றேன். அவள் சரிவில் நடந்தே ஏறி, எனக்கு முன்னால் போய் நின்று கையசைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

புதன், 8. கொர்தோபா

வெயில் கொளுத்துகிறது. அவள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். ஒருகாலத்தில் மசூதியாக இருந்த தேவாலயத்து மணிக்கோபுரத்தில் ஏறி இறங்கியவள், மறுபடி டிக்கெட் வாங்கப் போனாள். கொஞ்சம் உட்காரேன்டீ என்றேன்.

"சந்தைல மீனைப் பார்க்கற மாதிரி என்னைப் பார்க்காதம்மா. செவுளைத் தூக்கிப் பார்க்கறதுதான் பாக்கி."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே டிக்கெட்டோடு போய்விட்டாள்.

அவள் மேலே இருந்தபோது நோட்டைப் புரட்டினேன். எல்லா ஊரிலும் ஸ்டேஷனிலிருந்து நடை. எங்கே கோபுரம், எத்தனை படி. ஏழு நாளில் ஒரு இடத்தில்கூட பஸ் இல்லை. சாப்பாட்டுக்கென்று ஒரு நேரமும் இல்லை. ஊர் பார்க்க வரவில்லை இவள். நடந்து நடந்து உடம்பைக் கரைப்பதற்கு வந்திருக்கிறாள் — நானும் கூடவே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு!

வியாழன், 9

டாக்டர் ஓதேரோ போன். "ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிடாதீங்க. திங்கள் அவளுக்குப் பதினெட்டு ஆகுது. அப்புறம் அவளைச் சேர்க்க உங்க கையெழுத்து செல்லாது. அவ மாட்டேன்னா, நீதிபதிகிட்டதான் போகணும்."

பிறந்த நாள் எனக்குத் தெரியாதா என்ன. இது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்குமோ? திரும்பும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். திங்கள், பதின்மூன்று.

வெள்ளி, 10. செவில்லா

ரயிலில் கேட்டேவிட்டேன். "பதினெட்டு ஆகட்டும்னுதான் இந்தப் பயணமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆலிவ் மரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "நாலு நாள் சந்தோஷமாத்தானே இருந்தோம். அது பொய் இல்லம்மா" என்றாள்.

பலென்சியாவுக்குப் போன் செய்தேன். அவள் அப்பா ஃபெர்மீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "எல்வீரா, நீதான் பக்கத்துல இருக்க. உனக்கு என்ன தோணுதோ செய்" என்றார். எனக்கு என்ன தோணும்? கையெழுத்துப் போட்டால் மகள் என்னை மன்னிக்க மாட்டாள். போடாவிட்டால் மன்னிப்பதற்கு மகளே... யாராவது இரண்டில் ஒன்றைச் சொல்லுங்களேன்!

சனி, 11

ஹிரால்தா கோபுரத்தில் படி இல்லை, சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுதான். நான் கீழே ஆரஞ்சு மர முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தாள். "இன்னும் ஒரு தடவை" என்றாள். வேண்டாம் என்றேன். கையைப் பிடித்தேன், உதறினாள். எல்லார் எதிரிலும் எழுந்து போய் வழியை மறித்தேன். "தள்ளு" என்றாள் — இதுவரை கேட்காத குரலில். விலகினேன்.

நாலு எட்டு வைத்திருப்பாள், அப்படியே சரிந்தாள். சத்தமே இல்லை. ஒரு துணி விழுந்த மாதிரி.

சீட்டு கிழிப்பவர் தண்ணீர் கொண்டு வந்தார். யாரோ ஓர் அம்மாள் பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் எடுத்துக் கொடுத்து, "வாயில போட்டுக்கோ, கண்ணு" என்றாள். லெய்ரே சிரித்து நன்றி சொன்னாள். வாயருகே கொண்டுபோனாள். அந்த அம்மாள் திரும்பியதும் பொட்டலம் சட்டைக் கைக்குள் போயிற்று.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். "தடுக்கி விழுந்துட்டேன். அவ்வளவுதான்" என்றாள்.

இவளோடு என்னால் பேச முடியும், சிரிக்க முடியும். இவளுக்குள் உட்கார்ந்திருக்கும் இதோடு என்னால முடியல. முடியவே முடியல.

அறைக்கு வந்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். அங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். காட்டினேன். ஊசி வழியாக ஏதோ ஏற்றினார்கள். காலையில் விட்டுவிடுகிறோம், பயணம் தாங்குவாள், நேராகக் கூட்டிப் போங்கள் என்றார்கள்.

ஞாயிறு, 12

ஸ்டேஷனில் வைத்துச் சொன்னேன். மறைத்துக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. "காதிஸ் இல்ல. வய்யாதொலித். நான் கையெழுத்துப் போடப் போறேன்."

அழுதாள். என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இங்கேயே ஒரு ரொட்டி தின்கிறேன், பாரு, பாரு என்றாள். ரொட்டி வாங்கினேன். பிய்த்தாள், வாய்க்குப் போகவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "நீ போட்டா, நாளையிலேருந்து நீ எனக்கு யாரோ."

"சரி" என்றேன்.

மாட்ரிட் வரை அவள் உட்காரவே இல்லை. பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன், விழுந்தால் பிடிக்க. வய்யாதொலித் ஸ்டேஷனுக்கு ஃபெர்மீன் காரோடு வந்திருந்தார்.

மாலை ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, வேறு பேனா கேட்டு வாங்கிப் போட்டேன். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இது இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான், எல்வீரா. நாளைக்கு அவ வெளிய போகணும்னு கேட்டா நான் நீதிபதிக்கு எழுதணும். அவர் என்ன சொல்வாரோ." என் கையெழுத்துக்கு ஐந்து மணி நேர ஆயுள். அதற்காக மகளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கள், 13

லெய்ரேவுக்குப் பதினெட்டு. என்னை உள்ளே விடவில்லை. போன் வரும் வரும் என்று கடையில் நின்றேன்.

ஞாயிறு, 19

போனேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். "வெளிய போகணும்னு கேட்டாளா?" என்றேன் நர்ஸிடம். "கேக்கல. யார்கிட்டயும் ஒண்ணும் பேசல."

ஞாயிறு, 26

இன்றும் வெளியே வரவில்லை. நர்ஸ் அழுக்குத் துணிப் பையைக் கொண்டு வந்து கொடுத்தாள். மேலே நாலாக மடித்த ஒரு தாள், லெய்ரேயின் எழுத்தில்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி. ஷாம்பு. வேதியியல் புத்தகம், என் மேஜையில் இருப்பது. குளிர்காலக் கோட்டு.

அம்மா என்று மேலே இல்லை. கீழே பெயரும் இல்லை. குளிர்காலக் கோட்டு என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே கோட்டு போடும் குளிர் வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அதுவரை இருக்கப்போகிறாளா?

அதற்கும் கீழே ஒரு வரி எழுதி, ஒரே கோடாக அடித்திருந்தாள். ஆனால் படிக்க முடிந்தது.

'அடுத்த ஞாயிறு வேணும்னா வா.'