ஏழாவது ஆளின் குரல்

உன் ஒற்றைக் கம்பளிக் காலுறைக்குள்தான் இன்று காலை அந்த ரெக்கோடர் கிடைத்தது. அடிபடக்கூடாதென்று அதற்குள் போட்டு வைத்தவள் நீதான். அலுமாரியின் அடித்தட்டில், நம் கல்லூரி ஆய்வுக் கோப்புகளோடு கிடந்தது. பற்றரியை மாற்றிப் போட்டேன். அழிக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. "ஆய்வு முடிஞ்சதும் பதிவ அழிச்சிருவோம், பயப்படாமப் பேசுங்க" என்று பேசிய பிள்ளைகள் எல்லாரிடமும் சொன்னாயே, அந்த வாக்கை ஒரு வருடமாகக் கிடப்பில் போட்டிருந்தேன். நீ போன பிறகு அந்தக் கோப்பைத் தொட மனம் வரவில்லை.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். ஏழாவதில் தவறான பொத்தானை அமத்திவிட்டேன். "கேள்வி ஒண்ணு" என்று உன் குரல் வந்தது. சரி, கேட்பவள் நீதானே என்று இருந்தேன். பதிலும் உன் குரலிலேயே வந்தது! அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

தலைப்பு உன்னுடையது. கண்டி டவுன் கடைகளில் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் தங்கள் ஊரை மறைத்து, பக்கத்து டவுனின் பெயரைச் சொல்கிறார்கள் என்பது. எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. நீ பிடிவாதம் பிடித்தாய். முதல் நேர்காணலில் நான் படுதோல்வி. உடுப்புக் கடையின் மேல்மாடியில், சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை "நான் டவுன்தான் மிஸ்" என்றாள். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாய். "கேள்வித்தாளையே பாத்துக்கிட்டுக் கேக்குற. மூஞ்சியப் பாக்காதவகிட்ட யாருடி மனசு விட்டுப் பேசுவா?" அடுத்த பிள்ளையிடம் நீ மழையைப் பற்றியும் தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பற்றியும் அரைமணி நேரம் அளந்தாய். பிறகு அவள் அழுதழுது எல்லாம் சொன்னாள்.

கடைசி வாரத்தில் ஒரு பிள்ளை வேண்டாமென்று விலகிக்கொண்டாள். ஏழு பேரில் ஓர் ஆள் குறைந்தது. "பன்விலயில ஒருத்தி இருக்கா. கூச்சப்படுவா. நீ வராத, நான் மட்டும் போறேன்" என்றாய். மறுநாளே தட்டச்சுப் பிரதியோடு வந்து நின்றாய். ஒருத்தி எழுதியதை மற்றவள் பதிவைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது நமக்கிருந்த விதி. நாளைக்குச் சமர்ப்பிப்பு என்ற அவசரத்தில், ஒரு நிமிடம்கூடக் கேட்காமல் "கேட்டுச் சரிபார்த்தேன்" என்று கையெழுத்து வைத்தேன்.

அந்த ஏழாவது ஆளின் கதைதான் நம் அறிக்கையின் உயிர். கூட வேலை செய்யும் பிள்ளை சொன்ன ஒரு சொல்லால் அன்றிலிருந்து ஊரை மறைப்பவள். அந்தக் கூட வேலை செய்பவளை நான் விட்டுவைக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க வெளுத்து வாங்கினேன். எட்டிப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "இவ்வளவு திட்டாதடி. தெரியாமத்தானே சொல்லியிருப்பா."

"தெரியாமலோ? திமிர்!" என்றேன்.

நீ சிரித்துவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போனாய்.

பிறகு டெங்கு. ஐந்தே நாள். உன் தம்பி ஃபோனில் சொன்னபோது, வத்தேகம சந்தைக்குப் பின்னால்தானே வீடு என்று கேட்டேன். மூன்று வருடம் பிலிமத்தலாவையில் ஒரே அறையில் இருந்தோம். நீ எனக்குச் சொன்னது அதுதான். அவன்தான் வழி சொன்னான்: "இல்லக்கா. வத்தேகமயில எறங்கி பன்வில பஸ்ல ஏறுங்க. தோட்டத்துல வந்து எங்க லயத்து வீடு எதுன்னு கேட்டாச் சொல்லுவாங்க."

சாவு வீட்டில் உன் காலைத் தொட்டுக்கொண்டு நின்றபோது அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இந்த ஆய்வைச் செய்த பிறகுமா? என்னட்டையுமா மறைச்சனீ? ஒரு வருடமாக அந்தக் கேள்வியோடு உன்னிடம் சண்டை பிடித்தேன். பதில் இந்தக் காலுறைக்குள் கிடந்திருக்கிறது.

தட்டச்சில் "கூட வேலை செய்யிற பிள்ளை". பதிவில் வேறு. "என் ரூம்ல இருக்கிற பிள்ளை. மொத நாளு அம்மாகூட ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தேன். 'ஏன் தோட்டக்காட்டார் மாதிரிக் கத்துறீர்'னு கேட்டா. பொறகு ஊரு எதுன்னு கேட்டா. வத்தேகம டவுன்னு வாயில வந்திருச்சு." என் யாழ்ப்பாணத்துப் பேச்சை அச்சு அசலாகப் பேசிக் காட்டியிருக்கிறாய்.

ஐயோ, அது நான்! எனக்கு அது நினைவிலேயே இல்லை, தெரியுமா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உன்னை மூன்று வருடம் ஒளிந்திருக்க வைத்த சொல்லை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று சொல்லவும் இப்போது ஆளில்லை.

கடைசிக் கேள்வியை நாம் எல்லாரிடமும் ஒரே மாதிரித்தான் கேட்டோம்: வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா? தட்டச்சில் நீ "ஒன்னுமில்ல" என்று முடித்திருந்தாய். பதிவில் நீ உட்கார்ந்திருந்த கதிரை அசைகிற சத்தம். பிறகு நீ. "அவ நல்லவதான். ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும். அம்மா சுடுற ரொட்டின்னா நாலு திம்பா."

மூன்று தரம் கேட்டேன். பிறகு அதையும் அழித்தேன். நீ இவ்வளவு நேரம் பேசிய பதிவு வேறெதுவும் என்னிடம் இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்தது நீ, அதில் ஏழாவது ஆளும் சேர்த்தி. அறிக்கையில் நான் எழுதிய அந்த ஒரு பக்கம் அப்படியே இருக்கட்டும். அதில் திட்டு வாங்கியவள் யாரென்று இப்போது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பன்வில பஸ் ஏறப் போகிறேன். கேள்வித்தாள் கொண்டு போகமாட்டேன். முதல் நாள் நான் சொன்ன சொல்லை உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவர் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தால், நாலும் தின்பேன்.