பாலம் தாண்டாத நாய்

ஜிந்தோ தீவு, கொரியா
11 பிப்ரவரி 2024

அன்பு ரெஜிலாவுக்கு,

நீயும் உன் கோபமும் சுகம்தானே? நான் சுகம். நீ என் எண்ணை பிளாக் செய்து நாற்பது நாள் ஆகிறது. லிஜி ஞாயிறுதோறும் ஆபேல் மச்சானின் போனில் பேசுகிறாள். நீ பக்கத்தில் நின்றாலும் போனை வாங்குவதில்லை. கடிதத்தை பிளாக் செய்ய முடியாது, அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றால் வாசித்துவிட்டுக் கிழி.

இன்னும் இரண்டு வருடம் இங்கே இருக்க உன்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டது தப்புதான். படகுப் பட்டறை முதலாளி காகிதத்தை நீட்டினார், எல்லாரும் போட்டார்கள், நானும் வெல்டிங் கையுறையைக் கழற்றிப் போட்டேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கூடக் கையெழுத்துப் போட்ட டெனிஷ் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லி, அவன் மனைவி கோயில் வாசலில் உன்னை வாழ்த்துவாள் என்று கண்டேனா?

சரி, ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், பார்க் என்ற பெரியவர், ஜனவரியில் பேருந்து ஏறி மொக்போ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்னும் வரவில்லை. அவருடைய வெள்ளை நாய் பெக்கு அன்றிலிருந்து பேருந்து நிறுத்தத்தில் படுத்திருக்கிறது. இந்தத் தீவின் சாதி நாய், பெயரே ஜிந்தோ நாய்தான். காது விறைத்து நிற்கும், வால் அரிவாள் போல வளைந்திருக்கும். வீட்டைச் சுற்றி அசுத்தம் செய்யாது. வாழ்நாளுக்கும் ஒரே ஆளைத்தான் எசமானாக வைக்கும். மங்கோலியப் படை விட்டுப்போன நாய்களின் வம்சம் என்று சிலர் சொல்கிறார்கள். உடைந்த சீனக் கப்பலிலிருந்து நீந்திக் கரையேறியவை என்று சிலர். நாம் கடற்கரைக்காரர்கள், எனக்குக் கப்பல் கதைதான் பிடித்தது.

தொண்ணூற்று மூன்றில் இந்த இனத்து நாய் ஒன்றை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி விற்றார்களாம். ஏழு மாதம் கழித்து எலும்பும் தோலுமாகப் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றதாம். அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

பெக்கு யார் வைத்தாலும் தின்னவில்லை. வீட்டுக்கார அம்மா இறைச்சி வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் நீ கிறிஸ்துமசுக்கு அனுப்பிய நெத்தலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி வைத்தேன். நான் தள்ளிப் போனபிறகு தின்றது.

லிஜியின் புதுநன்மைக்கு மே மாதம் கட்டாயம் வருவேன்.

உன் ஜெஃப்ரின்

முட்டம்
3 மார்ச் 2024

லிஜி அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை வாசித்தேன், இரண்டாவது தடவை கருவாட்டுக்காக. மாடியில் காக்காய் விரட்டிக் காயவைத்தது நான், தின்றது கொரியா நாய்.

முந்நூறு கிலோமீட்டர் நடந்து வந்த நாய்க்குச் சிலையாம். விமானம் ஏறினால் மறுநாள் வந்துவிடக்கூடிய மனுசனுக்கு என்ன வைப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

வெறும் கையெழுத்துக்காகவா கோபம்? டெனிஷின் மனைவி, "உனக்க மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் நீட்டிக் கெடச்சிருக்காமே, குடுத்து வச்சவ நீ" என்று கையைப் பிடித்தாள். நான் எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

லிஜி முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள் மே 12. தாய் தகப்பன் கையைப் பிடித்து, மெழுகுதிரியோடு பீடம் வரை நடக்க வேண்டும். வடசேரிக்குப் போய் வெள்ளைத் துணி எடுத்து வந்தேன். தையல்காரரிடம் அளவு கொடுக்க வரமாட்டேன் என்கிறாள். "ஆபேல் மாமா கூட நடப்பாவ, மக்கா" என்றேன். "அப்பா வரட்டு. இல்லேன்னா நான் அடுத்த வருசம் எடுக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவளிடம் பொய் சொல்ல என்னை வைக்காதீர்கள்.

ரெஜிலா

ஜிந்தோ
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

அன்பு ரெஜிலாவுக்கு,

பெரியவர் வியாழக்கிழமை இறந்துவிட்டார். மொக்போவிலேயே எரித்து, சாம்பலைக் காரில் கொண்டுவந்தார்கள். கார் பெக்குவைத் தாண்டித்தான் போனது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி பேருந்து வரும் பக்கம் திரும்பிக்கொண்டது.

மகன் சியோலில் இருக்கிறார். இந்தச் சாதி நாய் தீவை விட்டுப் போக அரசாங்க அனுமதி வேண்டும். ஒரு பாலம் தாண்ட இத்தனை காகிதம், கடல் தாண்டிய என்னிடம்கூட இவ்வளவு கேட்கவில்லை. கொண்டுபோனாலும் அங்கே இருக்குமா? வீட்டுக்கார அம்மாவிடமும் தின்பதில்லை. உன் கருவாடும் கால் பாக்கெட்தான் மிச்சம். மகன் என் கையைப் பிடித்து, "நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். தலையாட்டிவிட்டேன்.

மே மாதம் நான் வந்தால் இது பட்டினி கிடந்து செத்துப்போகும், ரெஜிலா. அக்டோபரில் வருகிறேன். அடுத்த வருடம் எடுக்கிறேன் என்று லிஜியே சொல்கிறாளே. கோபப்படாதே.

ஜெஃப்ரின்

முட்டம்
9 ஏப்ரல் 2024

லிஜி அப்பாவுக்கு,

காகிதத்தை நீட்டினால் கையெழுத்து, கையைப் பிடித்தால் தலையாட்டல். இந்த இளகிய மனசைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டினேன், யாரைக் குறை சொல்ல?

அந்த நாய் உங்களுக்காகப் படுத்திருக்கவில்லை. அதற்கு உங்கள் முகம் வேண்டாம். உங்கள் முகம் வேண்டிய இரண்டு பேர் இங்கே இருக்கிறோம்.

பெரியவரின் துவைக்காத சட்டை இருந்தால் அதன் முன்னால் விரித்து, அந்த அம்மா கையாலேயே அதன்மேல் சோறு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதல்முறை போனபோது லிஜி மூன்று நாள் சாப்பிடவில்லை. உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் இடுப்பில் கட்டிக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்த சாரத்தை மடியில் விரித்து, அதில் உட்காரவைத்துத்தான் ஊட்டினேன். அதை இன்னும் துவைக்கவில்லை. இப்போது அதை யார் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ண வேண்டாம். குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் 'சரி, அக்டோபரிலேயே வாங்க' என்று சொல்லிவிடுவேன். எனக்கு நீங்கள் வேண்டும். மே மாதமே வேண்டும்.

பார்சலில் கருவாடு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கில்லை, நாய்க்கு.

ரெஜிலா

ஜிந்தோ
26 ஏப்ரல் 2024

என் ரெஜிலாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தோம். பெரியவரின் வயல் சட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் துவைக்காமல் தொங்கியது. ஏன் துவைக்கவில்லை என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. பெக்கு அதில் மூக்கைப் புதைத்து வெகுநேரம் கிடந்தது. அம்மா அதன்மேல் சோறு வைத்தார். தின்றது. அம்மா சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதார். இப்போது இரண்டு வேளையும் அவர் கையால் தின்கிறது. நிறுத்தத்தை விட்டு மட்டும் வரவில்லை, வராது என்கிறார் அம்மா. உன் பார்சலை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியாது என்று முதலாளியிடம் சொன்னேன். மூன்று வருடத்தில் 'முடியாது' என்ற கொரியச் சொல்லை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. கத்தினார், பிறகு ஒப்பந்தத்தை ரத்து செய்து கொடுத்தார்.

நிறுத்தத்தில், பெக்குவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டி காலடியில் இருக்கிறது. மொக்போவிலிருந்து ஒரு பேருந்து இப்போதுதான் வந்துபோனது. பெக்கு எழுந்து, இறங்கிய மூன்று பேரையும் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கு ஆள் வேறு. எனக்கு வருத்தமில்லை.

எதிரே தபால் நிலையம். இதைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு அடுத்த பேருந்தில் ஏறுவேன். இது உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும், அதற்குள் லிஜி அளவு கொடுத்து, சட்டையும் தைத்து வந்திருக்கும். தபால்காரர் கூப்பிட்டால் நீ அடுப்படியிலேயே இரு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன். இந்த ஒரு கையெழுத்தை மட்டும் உன்னைக் கேட்காமல் போடலாம் அல்லவா?

ஜெஃப்ரின்