எரியாத பிரேக் லைட்

என்னங்க,

சாப்பாட்டை மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். வலது கையில் கட்டு இருக்கிறதே, இடது கையால் சாப்பிட ஸ்பூன் பக்கத்திலேயே இருக்கிறது.

பத்து மணிக்கு அந்தக் கார்க்காரப் பெண் உங்களைப் பார்க்க வருகிறாள். "பிரேக் லைட் எரியவே இல்லைங்க" என்று ஆஸ்பத்திரியில் அழுதாளே, அவள்தான். "பின்னால வந்து இடிச்சிட்டு கதை வேற அளக்கிறியா?" என்று திட்டினீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவள் சொன்னது நிஜம். விபத்துக்கு மூன்று நாள் முன்னால் உங்கள் பைக்குக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தேன் அல்லவா? மூன்று சிக்னலில் பிரேக் பிடித்தீர்கள். ஒரு தடவைகூட லைட் எரியவில்லை. அன்று காலைதான் நமக்குள் சண்டை. நீங்கள் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டேன். அப்புறம் மறந்துபோனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வரவில்லை.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். வந்து நானே அவளிடம் சொல்கிறேன்.

மெக்கானிக் கடைக்குத்தான் போகிறேன். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்தாலே எரிகிற லைட் இருக்கிறதாம். அதை உங்கள் பைக்கில் மாட்டச் சொல்லப் போகிறேன்.

சட்டை பட்டனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வந்து போட்டுவிடுகிறேன், நீங்கள் பேசாவிட்டாலும்.