மாதா படமும் என் கைகளும்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? இங்கே தூரின் நகரத்தில் நானும் குழந்தையும் நலம்.

ஓயாமல் கை கழுவுகிறேன் என்று டாக்டரிடம் போனேன். ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயாம், பயப்பட ஒன்றுமில்லை.

"பெண்களுக்குச் சில சமயம் பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கும். ஆம்பளைங்கள்ல பல பேருக்குச் சின்ன வயசுலயே வந்துடும். உங்க குடும்பத்துல யாருக்காவது உண்டா?" என்றார்.

"இல்லைங்க. அப்பாவுக்குப் பக்தி ஜாஸ்தி, அவ்வளவுதான்."

உங்கள் பள்ளி நாளிலிருந்தே நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் மாதா படத்தை முத்தமிடுவதையும், உதடு நடுவில் படவில்லை என்று திரும்பத் திரும்ப முத்தமிடுவதையும் சொன்னேன். "மாதாவுக்கே அலுத்துப்போச்சு, கிளம்புய்யா!" என்று அம்மா கத்துவதையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இது பரம்பரையாவும் வரலாம்மா," என்றார்.

கை வெடித்திருக்கிறது, அங்கே கிடைக்கும் கசன்லிக் ஊர் ரோஜாக் களிம்பு அனுப்புங்கள். அம்மா கத்தினால் இனி பக்தி என்று சமாளிக்காதீர்கள். "நெவேனாவுக்கும் இருக்கு" என்று சொல்லுங்கள்.

குழந்தை அழுகிறாள், தூக்க வேண்டும். அதற்குமுன் கை கழுவ வேண்டும்.

நெவேனா