பென்சில்வேனியாவில் எனக்கொரு வாக்கு

இணுவில்
23.07.2024

என் அன்பு மகள் தக்சாயினிக்கு,

நானும் அம்மாவும் சுகம். வெயில்தான் ஆளை வாட்டுகிறது. நீயும் மருமகனும் பேத்தி நிவேதனாவும் சுகமாக இருக்க இணுவில் கந்தன் துணை நிற்பான். போனில் கதைத்தால் காருக்குள் ஒலிபெருக்கியில் மருமகனும் சேர்ந்து கேட்பார். அரசியல் கதைக்கும்போது எனக்கு வாய் தடுமாறி விடும், மரியாதை கெட்டு விடும். ஆகவே கையால் எழுதிப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது.

அங்கத்தைய குடியரசுக் கட்சியின், அதுதான் யானைக் கட்சியின், மாநாட்டை நாலு நாளும் விடாமல் பார்த்தேன். காதிலே வெள்ளைத் துணியை ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டம்! தலைவருக்குக் காதில் காயம் என்றால் தொண்டனுக்கும் கட்டா? சுட்டது பிழை, அதில் எனக்கு இரண்டாம் கதை இல்லை. ஆனால் வந்தேறிகளைக் கூட்டத்தோடு நாடு கடத்து என்று எழுதிய மட்டைகளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்களே, அதைப் பார்த்த பிறகு எனக்குத் தேத்தண்ணீர் இறங்கவில்லை. தான் எப்படி அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது மருமகனுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

இப்போது ஜனநாயகக் கட்சியில், அதுதான் கழுதைக் கட்சியில், வயது போன ஜனாதிபதி ஒதுங்கித் துணை ஜனாதிபதி அம்மாவுக்கு இடம் விட்டிருக்கிறார். அந்த அம்மாவின் தாய் சென்னையிலிருந்து அங்கே படிக்கப் போனவர். வாசிகசாலையில் ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர், "தோசை திண்டால் தமிழச்சியோ?" என்று நக்கலடித்தார். நான் விட்டேனா? "மாஸ்டர், உமக்கு வாயிருக்கு. எனக்குப் பென்சில்வேனியாவிலை ஒரு வாக்கிருக்கு" என்றேன். அதோடு அடங்கினார். ஆளை முடிவு செய்யப் போவதே உங்கள் மாநிலம்தான் என்று அவருக்கும் தெரியும். வாரப் பத்திரிகையில் நான் எழுதும் 'வெள்ளை மாளிகை வாசலில்' பத்தியையும் இந்த முறை அந்த வரியோடுதான் முடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு வாக்குச் சீட்டில் யானைக்கு ஒரு நாளும் புள்ளடி விழுந்ததில்லை. கொழும்புக் கட்சியின் உள்நாட்டு யானைக்கும் இல்லை, வெளிநாட்டு யானைக்கும் இல்லை.

உன்மேல் உயிரான அப்பா
க. சண்முகநாதன்


அலன்ரவுண், பென்சில்வேனியா
04.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மருந்துக் கடையில் மதிய இடைவேளையில் வாசித்துத் தனியே சிரித்தேன். பக்கத்தில் நின்றவள் என்னவென்று கேட்டாள். அவளுக்கு ஆழ்வாப்பிள்ளை மாஸ்டரை எப்படி விளங்கப்படுத்துவது?

இவருக்கு யானைதான் எல்லாம். மாநாட்டுக் கடைசி நாள் இவருடைய சிநேகிதர்கள் நாலு பேர் எங்கள் வீட்டில். பலூன்கள் விழுந்தபோது கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினார்கள். வரி குறையுமாம், இவருடைய பெற்றோல் நிலையம் தப்புமாம். "நாங்கள் ஒழுங்கான பாதையாலை வந்தனாங்கள், வேலி பாய்ஞ்சு வரேல்லை" என்றார் இவர். கொழும்பில், ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அறையில் எட்டு மாதம் ஒளித்திருந்தது ஒழுங்கான பாதைதான் போலிருக்கிறது. நான் குசினிக்குள் நின்று அவர்களுக்குக் கொத்துரொட்டி கொத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் என் மனம் கொஞ்சம் ஆறியது.

அப்பா, பத்தியில் என்னை இழுக்காதீர்கள். இங்கேயும் ஊர்ச் சனம் அதை வாசிக்கிறது. நவம்பருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் பச்சை மூடிக் களிம்பைப் பூசச் சொல்லுங்கள்.

அன்பு மகள்
தக்சாயினி


இணுவில்
25.08.2024

அன்பு மகளுக்கு,

கழுதைக் கட்சியின் சிக்காகோ மாநாடு பார்த்தாயா? பார்த்தாயா என்று கேட்கிறேன்! இதல்லவோ மாநாடு. மாநிலம் மாநிலமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. பென்சில்வேனியா என்று சொன்னதும் நான் எழும்பி நின்று விட்டேன். அம்மா, "ஏன், பாம்பு கீம்போ?" என்று ஓடி வந்தாள். கடைசி நாள் அந்த அம்மா தன் தாயைப் பற்றிக் கதைத்தபோது எனக்குக் கண் கலங்கியது, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர் இரண்டு நாளாக வாசிகசாலைப் பக்கம் வரவில்லை.

பத்தியில் உன்னை இழுக்க வேண்டாம் என்றாய். பெயர் போடவில்லை. 'பென்சில்வேனியாவில் இருக்கும் இந்தப் பத்தியாளனின் வாக்கு இம்முறை ஒரு தமிழ்த் தாயின் மகளுக்கே' என்று மட்டும் எழுதினேன். கோயில் வீதியில் பார்த்தவர்கள் கைலாகு கொடுக்கிறார்கள். ஆகவே பிள்ளை, இது இப்போது உன்னுடைய விஷயம் மட்டுமல்ல, இணுவிலின் மானம். தபாலில் போடப் போகிறாயா, நேரே போகிறாயா? எழுது.

அப்பா


அலன்ரவுண்
07.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டு விட்டீர்கள். இனிமேலும் மழுப்பினால் அது பொய்யாகி விடும். உண்மையைச் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் போன தேர்தலுக்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு தபால் வாக்குச் சீட்டுகள் வந்தன. இவர்தான் இரண்டு பேருக்கும் விண்ணப்பித்திருந்தார். நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டு நின்றேன். இவர் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் விரித்து வைத்து, இரண்டையும் தானே நிரப்பினார். பிறகு, "உதிலை ஒரு கையெழுத்து வையும்" என்று உறையை நீட்டினார். ஈரக் கையைச் சீலையில் துடைத்து விட்டு வைத்தேன். உள்ளே யாருக்கு என்று நான் பார்க்கக்கூட இல்லை. நான் இந்த நாட்டுப் பிரஜையாகிப் போட்ட முதல் ஜனாதிபதி வாக்கு அது.

இவர் அடித்தோ மிரட்டியோ வாங்கவில்லை. தண்ணீர் பில்லில் கையெழுத்துக் கேட்பது போலக் கேட்டார், நானும் அது போலவே வைத்தேன். அதுதான் இன்றைக்கு என்னைக் கூடுதலாகச் சுடுகிறது. இந்த மாதக் கடைசியில் சீட்டுகள் மறுபடி வரும்.

சிக்காகோவை நானும் பார்த்தேன் அப்பா. உள்ளே நீங்கள் கேட்ட பாட்டு. வெளியே வீதியில் இருந்துகொண்டு சிலர், இந்த நாடு அனுப்பிய குண்டுகள் விழுந்து வேறொரு தேசத்தில் செத்த குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்ததையும் செய்தியில் காட்டினார்கள். எங்கள் யுத்தத்தில் செத்த பிள்ளைகளின் பெயர்களை அப்படி எந்த மண்டப வாசலிலும் ஒருவரும் வாசிக்கவில்லை. அதனால் எனக்கு அந்தப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை.

தக்சாயினி


இணுவில்
11.09.2024

மகளுக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு செல்லவில்லை. இன்று காலை விவாதத்தில் அந்த அம்மா எதிராளியைக் கிழித்துக் காயப்போட்டார், அதைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. என்ன துணிச்சல் மருமகனுக்கு! என் வீட்டு வளவுக்குள் புகுந்து களவெடுத்தது போல இருக்கிறது. அதுவும் யானைக்கு!

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். தபால் வந்ததும் உன் உறையை எடுத்து ஒளித்து வை. அவர் பெற்றோல் நிலையத்துக்குப் போன பிறகு அந்த அம்மாவின் பெயருக்கு நேரே நிரப்பு. ஒட்ட முதல் எனக்கு ஒரு படம் அனுப்பு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஒட்டித் தபாலில் போடு. மற்றக் கதைகளை, குழந்தைகளின் பெயர்களை எல்லாம், தேர்தல் முடிந்த பிறகு யோசிக்கலாம். இது யோசிக்கிற நேரமில்லை.

இங்கேயும் வருகிற இருபத்தோராம் திகதி ஜனாதிபதித் தேர்தல். முப்பத்தெட்டுப் பேர் வாக்குக் கேட்கிறார்கள், சீட்டு ஒரு முழ நீளமாம். அம்மா குழம்பி விடுவாள். வழக்கம் போல உள்ளங்கையில் சின்னத்தைக் கீறித்தான் அனுப்ப வேண்டும்.

அப்பா


அலன்ரவுண்
15.09.2024

அப்பாவுக்கு,

படம் அனுப்ப மாட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இவர் என் சீட்டை மேசையில் வைத்து நிரப்பினார். நீங்கள் இணுவிலில் இருந்துகொண்டு நிரப்பப் பார்க்கிறீர்கள். இவர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார், நீங்கள் படம் கேட்கிறீர்கள். வித்தியாசம் யானைக்கும் கழுதைக்கும் மட்டும்தான். களவு போனது உங்கள் வளவில் இல்லை அப்பா. களவு கொடுத்தவள் நான். உங்கள் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த காலத்தில் எத்தனை தேர்தலுக்கு வாக்களிப்பு நிலையப் பொறுப்பாக இருந்தீர்கள்! ஒரு முறை, பெண்சாதிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த ஒருவரைப் பிடரியில் பிடிக்காத குறையாக வெளியே கலைத்தீர்கள். அதை எங்களுக்கு எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள். அதே கையால், பாராளுமன்றத் தேர்தல் என்றால் வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களையும் ஜனாதிபதித் தேர்தல் என்றால் சின்னத்தையும் அம்மாவின் உள்ளங்கையில் எழுதி அனுப்பினீர்கள். எனக்கும் பதினெட்டு வயதில் எழுதினீர்கள். கூச்சமாக இருந்தது, சிரித்தேன். நீங்கள் எழுதியபடியே போட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் பிறகு உலைக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்தும் வைத்தேன் என்று இப்போது விளங்குகிறது.

இரண்டு விஷயம் கேட்கிறேன். பத்தியில் அந்த வரியைத் திருத்துங்கள். பென்சில்வேனியாவில் உங்களுக்கு வாக்கு இல்லை. மற்றது, இருபத்தோராம் திகதி பேனையைத் தொடாதீர்கள். யாருக்குப் போட விருப்பம் என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

கோபத்தில் எழுதினேன். ஆனால் கோபம் ஆறினாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

தக்சாயினி


இணுவில்
29.09.2024

மகளுக்கு,

இரண்டு கிழமை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பெற்ற தகப்பனையும் மருமகனையும் ஒரே தராசில் வைத்து விட்டாய். இருக்கட்டும்.

தேர்தல் அன்று காலை அம்மா கையை நீட்டினாள். நான் பேனையை எடுக்கவில்லை. "இந்த முறை நீ என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன். "ஒவ்வொரு முறையும் செய்யிறதுதான்" என்றாள். எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் எழுதுறது ஒரு பக்கம், நான் போடுறது ஒரு பக்கம்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "எங்கடை பிள்ளை பிறந்த வருசத்திலையிருந்து." அப்படியென்றால் ஏனடி கையை நீட்டினாய் என்றேன். "நீட்டாட்டி நீங்கள் விடுவியளோ?" என்று சொல்லி விட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து போய் விட்டாள். நான் பின்னால் நடந்தேன். யாருக்குப் போட்டாள் என்று இன்று வரை சொல்லவில்லை. நாற்பது வருடமாக இந்த வீட்டில் எனக்கு இரண்டு வாக்கு என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன் பிள்ளை. ஒன்றுதான் இருந்திருக்கிறது.

இந்த வாரப் பத்தியில் அந்த வரியை எழுதவில்லை. ஆனால் திருத்தமும் போட மாட்டேன். ஆழ்வாப்பிள்ளை மாஸ்டரின் முகத்தில் எப்படி முழிப்பது? உனக்கு நான் இனிக் கட்டளை போடவில்லை. நீயே போடு. போட்ட பிறகு யாருக்கு என்று எனக்கு மட்டும் ஒரு சொல் சொல்லி விடு. பத்தியில் எழுத மாட்டேன், கந்தன் மேல் சத்தியம். ஒரு தகப்பன் இவ்வளவும் கேட்கக் கூடாதா?

அப்பா


அலன்ரவுண்
07.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐந்து கிழமை பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். செய்து முடித்த பிறகு எழுத நினைத்தேன்.

சீட்டுகள் வந்த அன்று தபால் பெட்டியை நான்தான் திறந்தேன். என்னுடையதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஒளிக்கவில்லை. இவர் கேட்டார், "வந்தது, என்னட்டை இருக்கு" என்றேன். "தாரும், ரெண்டையும் ஒண்டாய் முடிப்பம்." "இல்லை" என்றேன். "என்ன இல்லை?" "என்ரையை நான் போடுறன்." மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் காருக்குப் பெற்றோல் அடித்து வைத்திருந்தார். அது சமாதானமா என்னவோ, நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, வாக்களிப்பு நடந்த நிவேதனாவின் பள்ளிக்கூட மண்டபத்துக்கு நடந்தே போனேன். தபாலில் வந்த சீட்டை உறையோடு திருப்பிக் கொடுத்து விட்டு, இங்கேயே போட விரும்புகிறேன் என்றேன். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புதுச் சீட்டுத் தந்தார்கள். மறைப்புக்குள் நின்று ஒவ்வொரு பெயராக, கடைசிப் பெயர் வரை வாசித்தேன். என் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள், அவசரப்படவில்லை. தாள் கிழியாத குறையாக அழுத்தி நிரப்பினேன். பயத்தில் இல்லை அப்பா. நாற்பத்தொரு வயதில்தான் இதை முதல் முறை தனியே செய்கிறேனே என்ற கோபத்தில்.

வீட்டுக்கு வர இவர் வாசலில் நின்றார். "ஆருக்குப் போட்டனீர்?" சொல்லவில்லை. "ஒரு வீட்டுக்குள்ளை ரெண்டு கட்சி சரிவராது" என்றார். "ரெண்டோ மூண்டோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு விட்டு உள்ளே போனேன். இவருடைய ஆள்தான் வென்றிருக்கிறார். ஆனாலும் இவர் முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை, என்னைத்தான் அடிக்கடி பார்க்கிறார். உங்கள் ஆள் தோற்று விட்டார். நீங்களும் ஆழ்வாப்பிள்ளை மாஸ்டரும் என்ன பாடுபடுகிறீர்களோ தெரியாது. பத்தியை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த ஆளை இன்னும் நாலு வருடம் திட்ட ஒருவர் வேண்டும். எனக்கும் வாசிக்க விருப்பம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. அன்றிரவு, உங்களுக்குப் புதன் காலை, அம்மா எனக்குப் போன் எடுத்தா. நீங்கள் ரீவியில் முடிவு பார்த்துக்கொண்டு இருந்தீர்களாம். கிணற்றடியில் நின்று கதைத்தா.

"பிள்ளை, போட்டியோ?"

"ஓம் அம்மா."

"ஆரும் பக்கத்திலை நிண்டவையோ?"

"இல்லையம்மா. தனியத்தான்."

"சரி, அது காணும்" என்று வைத்து விட்டா.

அப்பா, அம்மா கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும் நீங்களும் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள். சந்தோசமாகப் பதில் சொல்வேன். மூன்றாவதாக ஒன்று கேட்டால், அதற்குப் பதில் உங்களுக்கும் இல்லை, இவருக்கும் இல்லை.

என்றும் உங்கள் மகள்
தக்சாயினி