வாப்பாவை யார் கழுவுவது

காக்கா,

அடுத்த வீட்டு வளவுக்குப் புதிதாய் வந்திருக்கும் மாப்பிள்ளை கிணற்றடியில் நின்று முகம் மழிக்கிறார். சவர்க்கார வாசம் வேலி தாண்டி வருகிறது. கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமைக் காலைகளில் நம் வீட்டிலும் இதே வாசம்தான். வாப்பாவின் தலையை உங்கள் மார்பில் சாய்த்து, கன்னத்தில் நுரை பூசி, மழித்து, தாடியை ஒதுக்கிவிடுவீர்கள்.

வாப்பாவை வாதம் விழுத்தியபோது உம்மா மௌத்தாகி வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் மிஞ்சியிருந்தது அண்ணனும் தங்கையுமாய் நாம் இரண்டு பேர்தான். வலப்பக்கம் செத்து, பேச்சும் குழறி, உள்ளறைக் கட்டிலில் கிடந்த அந்தப் பெரிய உடம்பின் வேலைகளை நாம் பங்குபோட்டுக்கொண்டோம். கழுவுவதும் உடுப்பு மாற்றுவதும் உங்களுக்கு. ஊட்டுவதும் துணி வெளுப்பதும் எனக்கு. யாரும் இருந்து பேசி முடிவெடுக்கவில்லை. முதல் நாள் நான் வாளியோடு அறைக்குள் நுழைந்தபோது வாப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். வாளியை என் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அவ்வளவுதான்.

விடியலில் சுபஹு தொழுது, அவரைக் கழுவிக் கிடத்திவிட்டுத்தான் கரைவலை இழுக்கப் போவீர்கள். திரும்பி வரும்போது நான் தறியில் இருப்பேன். என்னை எழுப்பாமல் நீங்களே தேங்காய் திருவிக் கறியை அடுப்பில் ஏற்றுவீர்கள். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

“என்ன மனே, நீ பொண்ணாப் பொறந்திரிக்கலாமே!”

“கறி பழுதாப் போனா வந்து சிரிங்க மாமி.”

நம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண் பெண்வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதனால்தான் வந்த கலியாணப் பேச்சுகளையெல்லாம் நீங்கள் தட்டிக் கழித்தீர்கள். சாய்ந்தமருதிலிருந்து வந்த பேச்சு மட்டும் உங்கள் மனதில் விழுந்தது. பெண்ணை எங்கேயோ கண்டிருந்தீர்கள் போல. இரவல் ஸ்திரிக்கைப் பெட்டி வாங்கிச் சட்டையைத் தேய்த்து உடுத்துக்கொண்டு, அவளுடைய வாப்பாவிடம் நீங்களே நேரில் போனீர்கள்.

திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்று சொன்னீர்கள்: “வாப்பாவையும் கூட்டிட்டு வாறன், ஒரு மூலை போதும் எண்டு கேட்டன். மாப்பிள்ளைக்குத்தான், தம்பி, ஊடு குடுக்கிற, மாப்பிள்ளைட வாப்பாக்கு இல்ல எண்டாரு.”

“நீங்க போங்க காக்கா. வாப்பாவப் பாக்கச் சாச்சா வருவாரு. வாப்பாட சொந்தத் தம்பிதானே.”

“சாச்சா கொஞ்ச நாளைக்கு வருவாரு. நீ சோத்தப் போடு.”

அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. வாப்பாவை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் பள்ளிவாசலுக்கு நடந்தீர்கள். அரிசிச் சாக்கைத் தலையில் வைத்து, உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். அன்று மூவரும் பிழைத்தோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் காய்ச்சல் வந்தது. கிணறுகளெல்லாம் கெட்டுப்போயிருந்தன. உங்களை மாட்டு வண்டியில் ஆசுபத்திரிக்கு ஏற்றும்போது, அரைக்கண் திறந்து கேட்டீர்கள்.

“வாப்பாவக் கழுவியாச்சா?”

“ஓம். சாச்சா வந்தாரு.”

“நாளைக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. உயிர் போய், நீங்கள் ஜனாசாவாகத்தான் வீட்டுக்குத் திரும்பினீர்கள். வாப்பாவின் கட்டிலருகே கொண்டுவந்து காட்டினார்கள். அவர் இடக்கையை நீட்டி உங்கள் கன்னத்தைத் தடவினார். அது மழிக்காமல் முள்ளாயிருந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் சாச்சா வந்தார். பிறகு இடுப்பு வலி என்று சொல்லி அனுப்பினார். ஒரு நாள் உச்சி வரைக்கும் யாரும் வரவில்லை. அறைக்குள் நாற்றம். நான் வாளியோடு போய்க் கதவைச் சாத்தினேன்.

“வேணா மகள்... நீ வேணா,” என்று குழறினார்.

“வேற ஆரு வாப்பா இரிக்கா?”

அவர் கண்களை மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே கழுவினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். உடம்பு என் கைக்குள் கூசிக் கூசி ஒடுங்கும். எனக்கென்று வந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சும் நின்றுபோனது. வீட்டோடு ஒரு நோயாளியையும் சேர்த்து எந்த மாப்பிள்ளை எடுப்பான்? உங்களுக்கு முகத்துக்கு நேரே சொன்னதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வராமலே இருந்துவிட்டார்கள்.

வாப்பா பிறகும் சில வருடங்கள் இருந்தார். கடைசியில் பார்வையும் மங்கிவிட்டது. ஒரு காலை நான் அவரைத் தூக்கிச் சாய்த்தபோது, தலையை என் தோளில் வைத்து மெல்லக் கேட்டார்.

“மகன்... வந்துட்டியா?”



“ஓம் வாப்பா,” என்றேன், குரலைத் தாழ்த்தி. “வந்துட்டன்.”

அந்த ஒரு காலைதான் அவர் உடம்பு என் கையில் கூசாமல் கிடந்தது. நான் ஆறுதலாகக் கழுவினேன்; கை கால், முதுகு, எல்லாம். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொய் பொய்தான். மறுமையில் படைத்தவன் அதைப் பற்றி என்னிடம் கேட்டால், நீங்கள் வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும், காக்கா.